அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்கிறதா, முகவர்கள் அவர்களை எப்படி இழுக்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடும் மாணவர்களுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்கிறதா என்றும், முகவர்கள் என்ன ஆசை காட்டி அவர்களை வளைக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 2021-க்குப் பிறகு மாணவர்கள் வெளிப்படையாகவே சம்பாதிக்கும்போது முகவர்களின் வலை இனியும் எடுபடுமா என்ற ஐயத்தையும் கடைசி வரியில் எழுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் அறிய விரும்புவது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊதியம் நியாயமாகிவிட்டால் ஆசைகாட்டலும் ஒழிந்துவிடுமா? விளையாட்டு ஒப்பந்தச் சட்டம் என் துறை. மாணவர்களும் பெற்றோரும் கொண்டுவரும் ஒப்பந்தங்களைப் படித்துப் பொருள் சொல்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்: ஒழியவில்லை, உருமாறியிருக்கிறது. முன்பு இருட்டில் கைமாறிய பணம் இப்போது கையொப்பமிட்ட தாளில் வருகிறது. ஆனால் எதிர்காலச் சம்பாத்தியத்தை இன்றைக்கே மலிவாக வாங்கிப்போடும் அந்த வியாபாரம் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கீழ் மூன்று பிரிவுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆடுகிறார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் தருவதில்லை. பணம் கொட்டுவது முதல் பிரிவின் மேல்தட்டில், அதிலும் அமெரிக்கக் கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் மட்டும்தான். ஆண்கள் கூடைப்பந்தின் மார்ச் மாதப் போட்டித்தொடர் ஒன்றின் ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் பேசப்பட்டது. 2016-இல் மேலும் 880 கோடி டாலருக்கு அது 2032 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிக ஊதியம் பெறுபவர் ஆளுநர் அல்லர், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் வீட்டுக்கு அனுப்பியபோது, வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்டிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். மைதானத்தில் ஓடி அடிபட்டவர்களுக்கு அந்த ஆண்டு அதே பல்கலைக்கழகம் என்.சி.ஏ.ஏ. விதிகளின்படி நேரடிச் சம்பளமாக ஒரு டாலர்கூடத் தர முடியாது.

சம்பளம் இல்லையென்றாலும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1956 முதல் விளையாட்டுத் திறனுக்காகவே உதவித்தொகை தர என்.சி.ஏ.ஏ. அனுமதித்து வருகிறது. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள் எல்லாம் அதில் அடங்கும். தனியார் பல்கலைக்கழகங்களில் இவற்றின் மொத்த மதிப்பு இன்று ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். தன் விளையாட்டால் கல்லூரிக்கு வருமானமே வராத ஒரு நீச்சல் வீராங்கனைக்கோ கோல்ஃப் வீரனுக்கோ முழு உதவித்தொகை கிடைத்தால், சந்தைக் கணக்கில் அவருக்கு அநியாயம் நடந்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உதவித்தொகையிலும் ஓட்டைகள் இருந்தன. 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளருக்குப் பிடிக்காமல் போனாலோ காயம் பட்டாலோ அடுத்த ஆண்டு அது நின்றுபோகலாம். உண்மையான வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகைக்கும் இடையிலிருந்த துண்டை ஈடுகட்டப் பெரிய மாநாடுகளின் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் போட்டிக் கூட்டமைப்புகளின்) கல்லூரிகள் ஒப்புக்கொண்டது 2015-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு, கனெக்டிகட் அணியை வாகையர் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். கோடிக்கணக்கானோர் பார்த்த தொடரின் நாயகன் சொன்ன சொல் அது. சில நாட்களுக்குள் உணவு வழங்கும் விதிகளை என்.சி.ஏ.ஏ. தளர்த்தியது.

காயத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊதிய விவாதத்தில் இது மறந்துபோகிறது. 1955-இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு ரே டெனிசன் இறந்தார். பணியில் இறந்த ஊழியருக்குரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டபோது, கல்லூரி கால்பந்து வியாபாரத்தில் ஈடுபடவில்லை, எனவே அவர் ஊழியர் அல்லர் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1957-இல் கூறிவிட்டது. மாணவர் ஊழியரா இல்லையா என்ற அந்தக் கேள்வி இன்றும் முடிவாகவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியினர் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் 2014-இல் அவர்களை ஊழியர்கள் என்றார். மறு ஆண்டு வாரியமே இதில் தலையிட மறுத்து ஒதுங்கிக்கொண்டது. 2024-இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர்கள் ஊதியச் சட்டத்தின்படி ஊழியர்களாக இருக்க முடியாது என்று அடியோடு தள்ளிவிட இயலாது என்றது. அவ்வளவுதான் இப்போதைய நிலை. யாராவது உங்களிடம் 'சட்டப்படி அவர்கள் ஊழியர்கள்தான்' என்றோ 'ஊழியர்கள் அல்லர்' என்றோ உறுதியாகச் சொன்னால் அவசரப்படுகிறார் என்று பொருள்.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு. ஊதியத்துக்கு உச்சவரம்பு கட்டியவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடும் கல்லூரிகள்தான். போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதை அமெரிக்கச் சட்டம் பிற தொழில்களில் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளாது. யூ.சி.எல்.ஏ. எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் எட் ஓபேனன், தன் உருவத்தை ஒரு வீடியோ விளையாட்டில் கண்டு 2009-இல் தொடுத்த வழக்கிலிருந்து இந்த வாதம் நீதிமன்றங்களில் வலுத்தது. 2021 ஜூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளை மட்டுமே தொட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளம் தரலாம் என்று அது சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில், ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றை விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது. கலிஃபோர்னியா இதற்கான சட்டத்தை 2019-லேயே இயற்றி மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியிருந்தது. என்.ஐ.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஏற்பாடு இதுதான். அதன் அடுத்த படியாக, 2025 ஜூனில், ஹவுஸ் என்ற வீரரின் பெயரால் அறியப்படும் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். முன்னாள், இந்நாள் வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் பழைய பாக்கி. இனி ஒவ்வொரு கல்லூரியும் விரும்பினால், முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம் என்பது அதன் சாரம்.

இது நியாயமா? அந்த உச்சவரம்பு பெரிய மாநாட்டுக் கல்லூரிகளின் குறிப்பிட்ட சில வருமானங்களுடைய சராசரியில் 22 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. தொழில்முறைக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் வீரர்களுக்கு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி போகிறது. அந்தப் பாதி தொழிற்சங்கம் மேசையில் அமர்ந்து பேசி வாங்கியது. இந்த 22 வழக்கறிஞர்கள் பேசி முடித்தது. எனக்கு இது குறைவாகவே படுகிறது. எதிர்த்தரப்புக்கும் வாதம் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் ஏட்டில் நட்டத்தில் ஓடுகின்றன, கால்பந்தின் வருமானத்தில்தான் மற்ற விளையாட்டுகள் உயிர்வாழ்கின்றன என்கிறார்கள். ஏட்டு நட்டத்தை நான் அவ்வளவு நம்புவதில்லை. லாபத்தைப் பிரித்துக்கொள்ள உரிமையாளர் இல்லாத இடத்தில், வருகிற பணமெல்லாம் பயிற்சியாளர் சம்பளமாகவும் பளபளக்கும் உடற்பயிற்சிக் கூடமாகவும் மாறிவிடும். ஆனால் சிறிய விளையாட்டுகள் கைவிடப்படும் என்ற அச்சத்தை அப்படித் தள்ள முடியாது. பெண்கள் பங்கும் அதே போன்ற சிக்கல்தான்: நேரடித் தொகையில் முக்கால் பங்கு ஆண்கள் கால்பந்துக்குப் போகும் பங்கீட்டையே பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன. 1972-ஆம் ஆண்டின் பாலினச் சமத்துவக் கல்விச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதில் சட்ட அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

இனி முகவர்கள். ஒரு முகவருக்குத் தொழில்முறைக் கால்பந்து ஒப்பந்தத்தில் வீரர் சங்கம் அனுமதிக்கும் கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு, கூடைப்பந்தில் 4. புதிதாகத் தேர்வாகும் வீரரின் முதல் ஒப்பந்தத் தொகையோ, தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் நடத்தும் தேர்வில் அவர் எத்தனையாவதாகத் தேர்வானார் என்பதை வைத்துப் பெருமளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. கூடைப்பந்தில் 1995 முதலும் கால்பந்தில் 2011 முதலும் இதுவே நடைமுறை. ஆக, முதல் ஒப்பந்தத்தில் ஒரு முகவர் இன்னொருவரைவிடப் பெரிதாகச் சாதித்துக்காட்ட இடமில்லை. திறமையில் வேறுபடுத்திக் காட்ட முடியாதவர்கள் எதில் போட்டியிடுவார்கள்? முன்கூட்டித் தரும் பணத்தில், அம்மாவின் வீட்டு வாடகையில், தம்பிக்கு வாங்கித் தரும் காரில். இரண்டாம் ஒப்பந்தத்தில்தான் உண்மையான பணம் வரும். அதுவரை ஆளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். முகவர் நேரில் வருவதும் அரிது. அந்த வட்டாரத்தில் 'ரன்னர்' என்று அழைக்கப்படும் எடுபிடி ஒருவன்தான் முதலில் வருவான். பெரும்பாலும் மாணவனுக்குச் சம வயதினன், அதே வகுப்பிலோ அதே தெருவிலோ இருப்பவன். அவன் பணம் தருகிறேன் என்று பேச்சைத் தொடங்க மாட்டான், வீட்டில் என்ன குறை என்று விசாரிப்பான். மாணவனைவிட மாமாவையும், பள்ளிக்காலப் பயிற்சியாளரையும், காதலியையும் வசப்படுத்துவது எளிது என்பது அவனுக்குத் தெரியும்.

இந்த வியாபாரத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டுமானால் 1980-களின் வால்டர்ஸ் வழக்கைப் படிக்க வேண்டும். இசை நிகழ்ச்சி முகவராக இருந்த நோர்பி வால்டர்ஸும் அவர் கூட்டாளி லாயிட் புளூமும் 58 கல்லூரிக் கால்பந்து வீரர்களை, கல்லூரிக்காக ஆடும் தகுதிக்காலம் முடியுமுன்பே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். தாளில் தகுதிக்காலம் முடிந்த பிறகு வரும் தேதி போடப்பட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டது. வீரர்களுக்குப் பணமும் காரும் கிடைத்தன. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 58 பேரில் வாக்கைக் காப்பாற்றியவர்கள் இருவர் மட்டுமே. மற்ற 56 பேரும் காரையும் பணத்தையும் வைத்துக்கொண்டு வேறு முகவர்களிடம் போய்விட்டார்கள். ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டாலும் எடுபடவில்லை! 1989-இல் வால்டர்ஸும் புளூமும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1993-இல் வால்டர்ஸ் மீதான மோசடிக் குற்றமும் நிற்கவில்லை. தகுதியிழந்த வீரர்களுக்கு உதவித்தொகை தந்து கல்லூரிகள் பணத்தை இழந்திருந்தாலும் அந்தப் பணம் வால்டர்ஸ் கைக்குப் போகவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. இதற்குப் பிறகுதான் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற மாதிரிச் சட்டம் 2000-இல் உருவாகி 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. 2004-இல் கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. இந்தச் சட்டங்களுக்கு முன்பு இந்த வியாபாரம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு, ஜாஷ் லுக்ஸ் என்ற முகவர் 1990-களில் முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தான் பணம் தந்ததாக 2010-இல் தாமாகவே வெளியிட்ட ஒப்புதல் சான்று.

தண்டனை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 1995-இல் யூ.சி.எல்.ஏ. வீரர் டோனி எட்வர்ட்ஸின் வீட்டு வாசலில் யாரோ 150 டாலர் மதிப்புள்ள மளிகைப் பொருள்களை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்காக அவர் ஆடத் தடை வந்தது. 2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன் தன் ஆட்டச் சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் முகவர் என்ற வரையறைக்குள் வருகிறார் என்று சொல்லி நான்கு ஆட்டங்களுக்கு அவரை உட்கார வைத்தார்கள். அதே வாரங்களில் அவருடைய எண் பொறித்த சட்டைகளை அதே பல்கலைக்கழகம் விற்றுக்கொண்டிருந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ், முகவராக விரும்பிய சிலரிடமிருந்து குடும்பத்துக்கு வீடு உள்ளிட்டவற்றைப் பெற்றார் என்று 2010-இல் தீர்ப்பானபோது அணி முப்பது உதவித்தொகை இடங்களை இழந்தது. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் விருதை 2005-இல் வென்றிருந்த புஷ் அதைத் துறந்தார். 2024-இல் விருது அவருக்கே திரும்பி வந்தது. இதில் எனக்கு மிக அநியாயமாகத் தோன்றுவது பணம் சார்ந்ததே அல்ல. ஓக்லஹோமா ஸ்டேட் பந்துவீச்சாளர் ஆண்டி ஆலிவர், தொழில்முறை பேஸ்பால் அணியோடு பேசும்போது தன் ஆலோசகரை உடன் வைத்திருந்தார் என்பதற்காகவே தகுதியிழந்தார். பதினெட்டு வயதுப் பையன் ஒரு நிறுவனத்தோடு பேரம் பேசும்போது வழக்கறிஞர் அருகில் இருக்கக் கூடாது என்ற விதி, நேர்மையான ஆலோசனையைத் தடுத்துவிட்டு ரகசிய ஆலோசனையை மட்டுமே மிச்சம் வைத்தது. 2009-இல் ஓஹையோ நீதிபதி ஒருவர் அந்த விதியை ஏற்க மறுத்த பிறகு, வழக்கு 7,50,000 டாலருக்குச் சமரசமானது.

2017-இல் எஃப்.பி.ஐ. வெளிக்கொணர்ந்த கூடைப்பந்து வழக்கில், முகவராகத் துடித்த கிறிஸ்டியன் டாக்கின்ஸ் போன்றவர்கள் துணைப் பயிற்சியாளர்களுக்கே கையூட்டுத் தந்து, அணியின் நட்சத்திரங்களைத் தங்கள் பக்கம் திருப்பிவிடக் கேட்டது தெரிந்தது. மாணவன் தந்தையைப் போல நம்பும் ஆளையே விலைக்கு வாங்குவது ரன்னர் முறையின் முற்றிய வடிவம்.

வெளிப்படையான பணம் வந்த பிறகு மளிகைப் பொருள் வழக்குகள் போய்விட்டன, அது உண்மையான முன்னேற்றம். ஆனால் என்.ஐ.எல். ஒப்பந்தங்களைப் பேசித்தரும் முகவர்களின் கமிஷனுக்குத் தொழில்முறைச் சங்கம் விதிப்பது போன்ற உச்சவரம்பு இல்லை. 10 முதல் 20 விழுக்காடு வரை கேட்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். அதைவிடக் கவலைதருவது எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்கும் முன்பணம். ஃபுளோரிடா வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் பெற்றுக்கொண்டு, தொழில்முறை ஆட்டத்தில் தனக்கு வரும் வருமானத்தில் 25 ஆண்டுகளுக்கு 15 விழுக்காட்டை, வரிக்கு முந்தைய கணக்கில், தர ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு சிகாகோ அணிக்குத் தேர்வான பின், அந்த ஒப்பந்தம் செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். வால்டர்ஸ் கொடுத்த காருக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? வால்டர்ஸின் ரகசியத் தாள் நீதிமன்றத்தில் எடுபடவில்லை, இவர்கள் கையில் இருப்பதோ வெளிப்படையான ஒப்பந்தம். இன்னொரு பக்கம், சொன்ன பணமே வராத கதைகள். ஜேடன் ரஷாடாவுக்கு ஃபுளோரிடா ஆதரவாளர் குழு ஒன்று பேசிய 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வராமல் போய், அவர் வேறு கல்லூரிக்குச் சென்றார். 2024-இல் மேத்யூ ஸ்லூகா, தனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட 1 லட்சம் டாலர் வரவில்லை என்று நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணியைப் பருவத்தின் நடுவிலேயே விட்டு வெளியேறினார். அணி நிர்வாகம் அதை மறுத்தது.

என் பார்வைக்கு எல்லை உண்டு. சிக்கல் வந்த ஒப்பந்தங்களே என்னிடம் அதிகம் வருவதால், எல்லா முகவர்களையும் இதை வைத்து எடைபோடுவது தவறு. நல்ல முகவர் ஒருவர் மாணவனைப் படுகுழியிலிருந்து காப்பாற்றியதையும் கண்டிருக்கிறேன். மேலும், செய்திகளில் வரும் கோடிக் கணக்கான தொகைகளை அப்படியே நம்ப வேண்டாம். ஒப்பந்தங்கள் பொதுவெளியில் இல்லை, தொகையை ஊதிச் சொல்வதில் முகவருக்கும் லாபம், அணிக்கும் லாபம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால், இங்கே எழுதியது எந்தத் தனி ஒப்பந்தத்துக்கும் சட்ட ஆலோசனை ஆகாது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பயிற்சி பெற்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆண்டுகளில் தேசியக் கல்லூரி ஒற்றையர் டென்னிஸ் பட்டத்தை வென்ற சோம்தேவ் தேவ்வர்மனைப் போல, டென்னிஸிலும் ஸ்குவாஷிலும் இங்கிருந்து பலர் அமெரிக்கா போகிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அமெரிக்க மண்ணில் விளம்பரப் படப்பிடிப்பில் நின்று பணம் வாங்குவது வேலையாகக் கருதப்பட்டால் விசாவே போகலாம். 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று முகவர் சொன்னால், குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடமும் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்றபடி எந்த ஒப்பந்தத்திலும் முதலில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: கமிஷன் எந்தெந்த வருமானத்தின் மீது, கல்லூரிக் காலம் முடிந்த பின்னும் அது தொடருமா, விலகுவதற்கு என்ன செலவு. வரி யார் கட்டுவது என்பதையும் பாருங்கள். இந்த வருமானம் பெரும்பாலும் சுயதொழில் வருமானமாகக் கருதப்படுவதால் பொதுவாக யாரும் முன்கூட்டி வரி பிடித்தம் செய்ய மாட்டார்கள், அடுத்த ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும். தொழில்முறைக் கால்பந்து முகவரின் சான்றிதழை வீரர் சங்கத்தின் பட்டியலில் சரிபார்க்க முடியும். என்.ஐ.எல். முகவர்களுக்கு அப்படிக் கட்டாயமான தேசியப் பட்டியல் இல்லாததால், அந்தந்த மாநில அரசின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.